பிள்ளை பாம்பு கேட்டால்: வாங்குவதற்கு முன் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

பாம்பு என்றதும் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்தது தடியை எடுப்பது, இல்லாவிட்டால் விலகி ஓடுவது. கிபிர் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்குள் குதித்தபோது மூலையில் புடையன் சுருண்டு கிடந்த கதை வன்னியில் பல வீடுகளில் உண்டு. 2009இல் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் வெறும் நிலத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்த தாய்மாருக்கு, இரவில் ஊர்ந்து வருவது எது என்ற கவலையும் இருந்தது. இந்தப் பயத்தை அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகிறது, சுமார் 400 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. அதிலும் கட்டுவிரியன் தீண்டுவது பெரும்பாலும் இரவில் நிலத்தில் படுத்துறங்குபவர்களைத்தான்.

இந்த நினைவுகளோடு லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழ்கிற பெற்றோரிடம், அங்கேயே பிறந்த பிள்ளை வந்து "அம்மா, எனக்கு ஒரு பாம்பு வாங்கித் தாங்கோ" என்று கேட்கிறது. பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. வகுப்பு நண்பனின் அறையில் ஒன்று இருக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் மீன் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இன்னும் பத்து இருக்கின்றன. குரைக்காது, மயிர் கொட்டாது, ஒவ்வாமை உள்ள பிள்ளையும் வளர்க்கலாம், வாரம் ஒருமுறை உணவு போட்டால் போதும் என்று கடைக்காரரும் சொல்கிறார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறார். நாய்க்குக் குளிர்ந்தால் அடுப்படிக்கு வந்து படுக்கும், பசித்தால் கத்தும். பெட்டிக்குள் பூட்டப்பட்ட பாம்புக்கு அந்த வழி கிடையாது. அதன் வெயில், நிழல், இரவு, ஈரம் எல்லாவற்றையும் பூட்டியவர்தான் கொடுக்க வேண்டும். அவற்றில் பிழை வந்தால் அது சத்தமில்லாமல் மாதக்கணக்கில் வாடும். வீட்டுப் பாம்புகளுக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி பெட்டியிலும் சூட்டிலும் விடப்படும் பிழைகளிலிருந்து தொடங்குகிறது என்பதை ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். ஆகவே இக்கட்டுரை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல வரவில்லை. வாங்கினால் அந்த உயிருக்கு நாம் கொடுக்க வேண்டியது என்ன என்பதைத்தான் சொல்கிறது.

எந்தப் பாம்பு

கடைகளில் அதிகம் விற்கப்படுபவை இரண்டு. ஒன்று கோர்ன் ஸ்நேக் எனப்படும் சோளப்பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. செம்மஞ்சள் நிறம், மெல்லிய உடல், வளர்ந்தால் 120 முதல் 150 செ.மீ வரை நீளம். எங்கள் வயல்களில் எலி பிடிக்கிற சாரையும் இதுவும் ஒரே குடும்பம். மற்றது றோயல் பைதன். மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். எங்கள் வெங்கிணாந்தியின் இனத்தைச் சேர்ந்தது என்றாலும் அந்த அளவுக்கு வளராது, பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் நின்றுவிடும். இரண்டுக்கும் நஞ்சில்லை. இரண்டும் இரையைச் சுற்றி நெரித்துக் கொல்பவை.

முதன்முதலாக வளர்ப்பவருக்குச் சோளப்பாம்பே பொருத்தம் என்பது என் எண்ணம். சூட்டிலும் ஈரத்திலும் சிறு பிழைகளை அது தாங்கும், உணவையும் பெரும்பாலும் மறுக்காது. றோயல் பைதன் சாதுவானது, ஆனால் நுணுக்கமானது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்து வளர்ப்பவரைத் திகைக்க வைக்கும். அதில் 'ஸ்பைடர்' என்ற நிறவகையை அழகாக இருக்கிறதே என்று வாங்க வேண்டாம். அந்த நிறத்தைத் தரும் அதே மரபணு நரம்புக் கோளாறையும் சேர்த்தே தருகிறது. தலை ஆடும், சில பாம்புகள் குறி வைத்து இரையைப் பிடிக்கவும் முடியாமல் தவிக்கும்.

மூன்று நான்கு மீற்றர் வளரும் பெரிய மலைப்பாம்புகளை வீட்டில் நினைத்தும் பார்க்கக்கூடாது. 2013 ஓகஸ்டில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்திலுள்ள காம்பெல்ற்றன் நகரில், ஊர்வனக் கடைக்கு மேலிருந்த வீட்டில் வளர்க்கப்பட்ட ஆபிரிக்க மலைப்பாம்பு ஒன்று கூட்டிலிருந்து காற்றோட்டக் குழாய் வழியாகத் தப்பி, உறங்கிக்கொண்டிருந்த 4, 6 வயதுச் சகோதரர்கள் இருவரைக் கொன்றது. சோளப்பாம்புக்கு அப்படியொரு பலம் இல்லை. ஆனால் கூட்டை விட்டுத் தப்பும் சாமர்த்தியம் எல்லாப் பாம்புக்கும் உண்டு.

ஆயுளையும் யோசியுங்கள். சோளப்பாம்பு 15 முதல் 20 ஆண்டு, றோயல் பைதன் 20 முதல் 30 ஆண்டு சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில், குறைந்தது 62 வயது என்று கணிக்கப்பட்ட றோயல் பைதன் ஒன்று 2020இல் முட்டையிட்டது. பத்து வயதில் பாம்பு கேட்கிற பிள்ளை பதினெட்டில் பல்கலைக்கழகம் போய்விடும். அதன்பின் பாம்பு யாருடையது? அம்மாவுடையது. அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே வன்னி இரவுகள் நினைவுக்கு வருமென்றால் அந்த வீட்டுக்குள் பாம்பு வரக்கூடாது. பிள்ளைக்கு அதை விளக்கிச் சொல்லலாம். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட இவற்றைப் புரிந்துகொள்வார்கள்.

பெட்டிக்குள் ஒரு வெயில்

பாம்பைக் 'குளிர் இரத்தப் பிராணி' என்று பாடசாலையில் படித்திருப்போம். அந்தப் பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. அதன் இரத்தம் குளிர்ந்தது அல்ல. நமது உடல் உண்ட சோற்றை எரித்து உள்ளிருந்து சூட்டை உண்டாக்குகிறது. பாம்பு வெளியிலிருந்து சூட்டை வாங்குகிறது, அவ்வளவுதான். மாலையில் ஏ-9 வீதியில் பாம்புகள் நசுங்கிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தார், இருட்டிய பின்னும் சூட்டை வைத்திருக்கிறது. அதற்காகத்தான் அவை அங்கே வந்து கிடக்கின்றன. சூடு கூடினால் பற்றைக்குள் போகும், குறைந்தால் திரும்பி வரும். ஒரு நாளில் பல தடவை இப்படி இடம் மாறித் தன் உடற்சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும்.

சூடு குறைந்தால் பாம்பு சோம்பிக் கிடக்கும், வேறொன்றும் இல்லை என்று நினைப்பது பிழை. விழுங்கிய எலியைச் செரிக்கும் நொதிகள் வேலை செய்யச் சூடு வேண்டும். போதாவிட்டால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும், பாம்பு அதைக் கக்கிவிடும். நோயை எதிர்க்கும் சக்தியும் சூட்டோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. குளிர்ந்த பெட்டியில் கிடக்கும் பாம்புக்குச் சளி பிடிப்பது இதனால்தான்.

ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது சரியான முறை ஆகாது. ஒரு முனை சூடாக, மறு முனை குளிராக, இடையில் படிப்படியாக மாறுவதாக இருக்க வேண்டும். எங்கே கிடப்பது என்பதைப் பாம்பு தீர்மானிக்கட்டும். சோளப்பாம்புக்குச் சூடான முனை 30 பாகை செல்சியஸ் அளவிலும் குளிர்ந்த முனை 22 முதல் 24 வரையிலும் இருந்தால் நல்லது. இரவில் 20 வரை இறங்கினாலும் பரவாயில்லை. றோயல் பைதனுக்குச் சூடான முனை 31 முதல் 33, குளிர்ந்த முனை 25 அல்லது 26, இரவிலும் 24இற்குக் கீழே போகக்கூடாது.

சூடு கொடுக்கப் பல சாதனங்கள் உண்டு. பெட்டிக்கு அடியில் வைக்கும் வெப்ப விரிப்பு, மேலிருந்து சூடும் வெளிச்சமும் தரும் ஹலஜன் மின்குமிழ், வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் குமிழ் ஆகியவை பரவலானவை. விரிப்பு தரையைச் சூடாக்குமே தவிர காற்றைச் சூடாக்காது. குளிர்காலத்தில் செலவுக்குப் பயந்து அறையின் ஹீற்றரை நிறுத்திவிடும் வீடுகளில் அது மட்டும் போதாது. மின்குமிழைப் பெட்டிக்குள் வைத்தால் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு அதையே சுற்றிக்கொண்டு வெந்துபோகும். சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். அடியிலிருந்து வரும் கடுஞ்சூட்டில் வயிற்றுச் செதில் வெந்த பின்னும் அதே இடத்தில் கிடந்த பாம்புகள் வைத்தியர்களிடம் கொண்டுவரப்படுகின்றன.

எந்தச் சாதனமானாலும் தேர்மோஸ்டற் எனப்படும் வெப்பச்சீராக்கி இல்லாமல் ஒரு நாளும் ஓடக்கூடாது. கட்டுப்பாடில்லாத வெப்ப விரிப்பு 40 பாகையையும் தாண்டும். இந்தச் சீராக்கியை மிச்சம் பிடித்துவிட்டுப் பாம்புக்குப் பணம் கொடுப்பவர்கள் பலர். என்னைக் கேட்டால், கையிலுள்ள பணத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான். விரிப்புக்குச் சாதாரண நிறுத்து-தொடங்கு வகையும், மின்குமிழுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையும், செராமிக் குமிழுக்குத் துடிப்பு வகையும் பொருந்தும். கடையில் சாதனத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டும் முள்வைத்த வெப்பமானிகளை நம்ப முடியாது. நுனியில் உணரியுள்ள இலத்திரனியல் வெப்பமானி இரண்டு வாங்கி, இரண்டு முனையிலும் பாம்பு கிடக்கிற மட்டத்தில் வையுங்கள்.

வெளிச்சம் பகலில் 12 மணிநேரம் அளவில் போதும். இரவில் இருட்டு வேண்டும். சிவப்பு மின்குமிழ் பாம்புக்குத் தெரியாது என்று கடையில் சொல்வார்கள், அதை நம்பி இரவு முழுக்க எரிய விடாதீர்கள். பாம்புக்குப் புற ஊதா ஒளி தேவையில்லை என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. சோளப்பாம்புகள் மீது அந்த ஒளியைப் படவிட்டபோது இரத்தத்தில் வைட்டமின் டி கூடியதை ஆய்வு காட்டிய பின் கருத்து மாறி வருகிறது. இப்போது பல வைத்தியர்கள் குறைந்த செறிவுள்ள குழாய்விளக்கைப் பரிந்துரைக்கிறார்கள்.

குளிர்நாட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2013 டிசெம்பரில் உறைமழைப் புயல் வந்தபோது ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின, பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் எடுத்தன. 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு இருட்டுப் புதிதல்ல. ஆனால் அந்த விளக்கையோ மெழுகுதிரியையோ பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பெட்டியைக் கம்பளியால் மூடிக் காற்றுத் துளைகளை மட்டும் விடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு பக்கமாக வையுங்கள். உணவு கொடுக்க வேண்டாம். வயிறு வெறுமையாக இருந்தால் ஓரிரு நாள் குளிரை வளர்ந்த பாம்பு தாங்கும். வயிற்றில் எலி இருந்தால்தான் ஆபத்து.

நீட்டிப் படுக்க இடம்

பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது, சின்னப் பெட்டி போதும் என்பது பழைய போதனை. இன்னும் சில இடங்களில் பிளாஸ்ரிக் இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுருளும் பாம்புதான் நீளும் பாம்பும். உடலை முழுவதுமாக நீட்டிக் கிடக்க இடமில்லாத பெட்டி சிறியது என்றே கொள்ள வேண்டும். வளர்ந்த சோளப்பாம்புக்கு 120 செ.மீ நீளம், 60 செ.மீ அகலம், 60 செ.மீ உயரம் என்பது கீழெல்லை, பாம்பு அதைவிட நீண்டால் பெட்டியும் நீள வேண்டும். குட்டியைப் பெரிய வெறும் பெட்டியில் விட்டால் மிரளும். சிறிதாகத் தொடங்கலாம், அல்லது பெரிய பெட்டியையே கிளை, இலை, மரப்பட்டை என்று நிரப்பி ஒளிந்து திரிய விடலாம்.

ஒளிவிடம் ஒன்றல்ல, இரண்டு வேண்டும். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. உள்ளே போனால் உடலின் இரு பக்கமும் சுவரில் முட்டும் அளவுக்கு ஒடுக்கமாக இருக்கட்டும். ஒன்றுமட்டும் வைத்தால் என்ன நடக்கும்? குளிர்ந்த பக்கத்தில் ஒளிவிடம் இருந்தால், பாம்பு சூட்டுக்காக வெட்டவெளிக்கு வருவதா, ஒளிந்து கிடந்து விறைப்பதா என்ற நிலைக்கு வரும். பெரும்பாலும் ஒளிந்தே கிடக்கும், நோய்ப்படும். உயிருக்கு ஒளிவதா வயிற்றைப் பார்ப்பதா என்ற அந்த நிலையை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவல் நல்லது. தேவதாரு, பைன் சீவல்களில் உள்ள எண்ணெய் நுரையீரலைத் தாக்கும். றோயல் பைதனுக்கு ஈரம் கூடத் தேவை என்பதால் தென்னந் தும்புச்சோறு பொருத்தம். கட்டிகளாக விற்பார்கள், பொதியைத் திருப்பிப் பார்த்தால் இலங்கையில் செய்தது என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. காற்றின் ஈரப்பதன் சோளப்பாம்புக்கு 40 முதல் 60 வீதம், றோயல் பைதனுக்கு 55 முதல் 70 வீதம். அளப்பதற்கு ஈரமானி மலிவாகக் கிடைக்கும். பாம்பு முழுதாக இறங்கிக் கிடக்கக்கூடிய கனமான தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றும் வேண்டும்.

பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கோடை வெயில் கண்ணாடிக்குள் புகுந்தால் அரைமணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். சாமி அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புச்சுருள், கிருமிநாசினி விசிறல் எதுவும் அதன் மூச்சுக்கு ஆகாது. மூடி பூட்டக்கூடியதாக இருக்கட்டும். குட்டிப் பாம்பு ஒரு பென்சில் போகும் இடைவெளியில் போய்விடும். தப்பிய பாம்புகள் பற்றிப் பிரித்தானியாவின் விலங்கு நலச் சங்கத்துக்குக் கோடையில்தான் அதிகம் அழைப்புகள் வருகின்றன. சூடேறினால் அவை சுறுசுறுப்பாகிவிடும். இரண்டு பாம்புகளை ஒரே பெட்டியில் விடவும் வேண்டாம். அவற்றுக்குத் துணை தேவைப்படுவதில்லை. சில வேளை ஒன்று மற்றதை விழுங்கியும் இருக்கிறது.

உணவு பற்றிச் சுருக்கமாக. உறைந்த எலிகளைப் பொதியாக விற்கிறார்கள். பாம்பின் உடலில் தடித்த இடத்தின் அளவுள்ள எலி ஒன்று, குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்குப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விட்டு, பின் சுடுதண்ணீரில் இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் வெடிக்கும். உயிருள்ள எலியை விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறும். தின்ற பின் இரண்டு நாள் பாம்பைத் தூக்காதீர்கள். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனால் பாலைச் செரிக்கப் பாம்பால் முடியாது. தண்ணீர் போதும். மரக்கறி உண்ணும் வீட்டில் எலிப்பொதிக்குத் தனியாக ஒரு சின்ன உறைபெட்டி வாங்க நேரிடும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிருக வைத்தியர்

நாய் பூனை பார்க்கும் எல்லா வைத்தியரும் பாம்பு பார்ப்பதில்லை. பார்ப்பவர் நகரத்துக்கு ஒருவர் இருவர்தான், கட்டணமும் அதிகம். ஆகவே பாம்பு வாங்குவதற்கு முன்பே வைத்தியரைத் தேடி வைக்க வேண்டும். ஊர்வன, ஈரூடகவாழி மிருக வைத்தியர்களின் சர்வதேசச் சங்கம் தனது இணையத்தளத்தில் நாடுவாரியாக உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் இவ்வகைப் பிராணிகளுக்குக் காப்புறுதியும் கிடைக்கிறது. வாங்கிய இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை காட்டி, மலத்தைப் பரிசோதித்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாம்பு நோயை மறைக்கும். காட்டில் நோயைக் காட்டும் உயிர் மற்றொன்றுக்கு இரையாகும் என்பதால் அதன் இயல்பு அப்படி. நமக்குத் தெரியவரும்போது நோய் முற்றியிருக்கும். அதிகம் காணப்படுவது சுவாசத் தொற்று. வாயைத் திறந்து மூச்சு விடுதல், சீழ்க்கைபோன்ற சத்தம், வாயோரத்தில் நுரை, தலையை மேல்நோக்கித் தூக்கி வைத்திருத்தல் ஆகியவை அடையாளங்கள். நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் இருமித் துப்புவோம். பாம்புக்கு நமக்குள்ளது போன்ற உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமவும் முடியாது. சளி நுரையீரலிலேயே தேங்கும். ஆகவே "இரண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது.

வாய்க்குள் சிவந்து, வெண்ணிறச் சீழ் கட்டினால் வாயழற்சி. வயிற்றுச் செதில்கள் பழுப்பேறிக் கொப்புளித்தால் ஈரம் கூடிய தரை காரணம். தண்ணீர்ப் பாத்திரத்தில் மிளகுத்தூள்போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அவை உண்ணிகள், பாம்பிலிருந்து பாம்புக்கு நோயையும் காவும். திரும்பத் திரும்பக் கக்குவதும் உடலின் நடுவில் வீங்குவதும் சோளப்பாம்புகளில் கடுமையான குடல் ஒட்டுண்ணியின் அடையாளமாக இருக்கலாம். மல்லாக்காக உருண்டு திரும்பி எழ முடியாமல் தவித்தால், வானத்தைப் பார்த்தபடி கழுத்து முறுகினால், உடனே கொண்டுபோங்கள். மலைப்பாம்பு இனங்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் இப்படித்தான் வெளிப்படும், அதற்கு மருந்தில்லை.

எல்லாம் நோய் அல்ல. செட்டை கழற்றப் போகும் பாம்பின் கண் பால்போல மங்கும், நிறம் மங்கும், உண்ணாது. ஒரு வாரம் பத்து நாளில் மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டாகக் கழன்றால் ஈரம் சரி என்று பொருள். துண்டு துண்டாகக் கழன்றால் காற்று வறண்டிருக்கிறது. ஈரப்பாசி வைத்த ஒரு டப்பாவை உள்ளே வையுங்கள். பாம்புக்கு இமையில்லை, கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில். அதுவும் செட்டையோடு கழல வேண்டும். கழலாமல் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கண்ணையே இழந்துவிடும்.

வைத்தியரிடம் போகும்போது பாம்பைப் பருத்தித் தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டி, ஒரு பெட்டிக்குள் வைத்துச் சூடு குறையாமல் கொண்டுபோங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பெட்டியின் சூடு எவ்வளவு என்பதாகவே இருக்கும். இரு முனைகளின் வெப்பநிலை, ஈரப்பதன், கடைசியாக உண்ட திகதி, நிறை ஆகியவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். பெட்டியின் படம் ஒன்றும் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். நுண்ணுயிர் எதிர்ப்பு ஊசியைப் பாம்பின் உடலின் முன்பகுதியில்தான் போடுவார்கள். பின்பகுதியில் போட்டால் மருந்து உடலில் பரவுமுன் சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசி, பல வாரம் என்று சிகிச்சை நீளும். அந்த நாட்களில் பெட்டியின் சூட்டைக் குறைய விட்டால் மருந்தும் வேலை செய்யாது. மஞ்சள், வேப்பெண்ணெய் என்று கைமருந்து பூசிப் பார்க்க வேண்டாம்.

வீட்டாரின் உடல்நலமும் இதில் இருக்கிறது. ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும். உறைந்த எலியிலும் இருக்கும், உறைய வைப்பதால் அது சாவதில்லை. பிரித்தானியாவில் 2015 முதல் உறைந்த எலிகளோடு தொடர்புபட்ட ஒரே தொற்றில் 850இற்கு மேற்பட்டோர் நோயுற்றதாக 2021இல் அதிகாரிகள் அறிவித்தார்கள். பாம்பையோ எலியையோ தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் அம்மம்மா, டயலிசிஸ் செய்யும் அப்பப்பா இருக்கிற வீட்டில் பாம்பு வேண்டாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு

பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பாம்புக்கும் பொருந்தும். தகுந்த இடமும் உணவும் சிகிச்சையும் கொடுக்காதவர் நீதிமன்றம் போக நேரிடலாம். நஞ்சுள்ள பாம்புகளுக்கு உள்ளூராட்சி அனுமதி வேண்டும். ரொறன்ரோவில் மூன்று மீற்றருக்கு மேல் வளரும் பாம்பினங்களுக்குத் தடை. சுவிஸில் பாம்பின் நீளத்துக்கு ஏற்ப பெட்டி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நோர்வேயில் பல தசாப்தங்களாக ஊர்வன வளர்க்கத் தடை இருந்து, 2017இல்தான் 19 இனங்களுக்கு அனுமதி வந்தது. சோளப்பாம்பும் றோயல் பைதனும் அந்தப் பட்டியலில் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே, வாடகை வீடு என்றால் வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

தாயகத்தில் உள்ள வாசகர்களுக்கு: வெங்கிணாந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம். பிடித்து வளர்ப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்பை வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவரவும் முடியாது. விடுமுறைக்கு வரும்போது மருமகனுக்குப் பரிசாகப் பயணப்பொதியில் வைத்துக் கொண்டுவரும் பொருளும் அல்ல அது.

வளர்க்க முடியாமல் போனால் பூங்காவில் விட்டுவிடாதீர்கள். பிரித்தானியக் குளிரில் அது மெல்ல மெல்லச் சாகும். சூடான ஊரில் விட்டால் வேறு கேடு, புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள முயல்களையும் சிறு விலங்குகளையும் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன. ஊர்வன மீட்பு நிலையங்கள் பெரும்பாலான நகரங்களில் உண்டு. ஆனால் பிறர் கைவிட்ட பாம்புகளால் அவை எப்போதும் நிரம்பியே இருக்கின்றன. பிள்ளை பாம்பு கேட்டால், வீட்டில் எல்லாருக்கும் சம்மதம் என்றால், கடைக்குப் போகுமுன் அப்படியொரு நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். வளர்ந்த பாம்பு, ஒழுங்காக உண்கிறதா, கையில் எடுத்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் அங்குள்ளவர்களுக்குத் தெரியும். சில வேளை முன்னைய வீட்டார் விட்டுச்சென்ற பெட்டியும் சேர்ந்தே வரும். அதில் உள்ள வெப்பச்சீராக்கி வேலை செய்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.